தெருவில் துரத்தும் நாய்: எதிரே நிற்கும் நிமிடத்திலிருந்து புகார் வரை

மூன்று மாதம் நான் வீட்டுக்குச் சுற்றுவழியில்தான் போய்வந்தேன். நேர்வழியில் ஒரு செவலை நாய். என்னைக் கடித்ததில்லை. ஆனால் மூன்று தடவை கெண்டைக்காலுக்கு ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. யாரைக் கேட்டாலும் ‘இங்கே நாய்த்தொல்லை தாங்க முடியவில்லை’ என்றார்கள். தொல்லை கொடுத்தது ஒரே நாய், ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் என்பது எனக்குப் பிடிபடத்தான் அவ்வளவு நாள் ஆனது. ‘நாய்த்தொல்லை’ என்று மொத்தமாகப் புலம்பும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாய், எங்கே, எப்போது, எதற்காக என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் யாரிடம் போய் என்ன கேட்பது என்றே தெரியும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே அந்தத் தெருவைக் கடக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாய் எதிரே வந்துவிட்டால்

ஓடாதீர்கள். இது எல்லோருக்கும் தெரியும், கால்களுக்குத்தான் தெரியாது. சாதாரண நாயே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதோடு, ஓடுகிற எதையும் துரத்துவது அதன் பிறவிக்குணம். நாலு குரைப்பு குரைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டிய நாயைக்கூட நம் ஓட்டம் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

நின்றுவிடுங்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண் பார்த்தால் நாய் அதைச் சவாலாக எடுத்துக்கொள்ளும், அதனால் அதன் காலடித் தரையைப் பாருங்கள். நாய் எங்கே நகர்கிறது என்பது அப்போதும் தெரியும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், உதறாதீர்கள். அலறினால் அது இன்னும் உசுப்பேறும். தாழ்ந்த குரலில், அழுத்தமாக, ‘போ’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். வளர்ப்பு நாய் என்றால் ‘வீட்டுக்குப் போ’, ‘உட்கார்’ போன்றவை பல சமயம் வேலை செய்யும். தினமும் கேட்டுப் பழகிய சொற்கள் அல்லவா?

பெரும்பாலான நாய்கள் இந்தக் கட்டத்தில் குழம்பி நிற்கும். அப்போது ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குங்கள், கொஞ்சம் சாய்வாக. தனது இடத்தை விட்டு நீங்கள் விலகிப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். அது ஆர்வம் இழந்து வேறு பக்கம் போகும்வரை முதுகைக் காட்ட வேண்டாம்.

கையில் இருப்பதை நடுவில் வையுங்கள்: பை, தலைக்கவசம், சைக்கிள், எதுவானாலும் சரி. இருப்பதிலேயே நல்லது குடை. பட்டென்று விரித்தால் நாயின் மூக்குக்கு முன்னால் ஒரு சுவர் எழும்பும். கம்பு வைத்திருந்தால் நுனியைத் தரைப்பக்கம் நீட்டிப் பிடியுங்கள், நாய்க்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளி வைப்பதுதான் அதன் வேலை. ஓங்கினால் பயந்திருக்கும் நாயும் கடிக்க வந்துவிடும்.

குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை செய்யச் சொல்வார்கள். ஏற்கெனவே கல்லடி பட்ட தெருநாய் அதைக் கண்டதும் ஒதுங்கும், உண்மைதான். வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய்க்கு அந்தச் சைகைக்கு அர்த்தமே தெரியாது. குனிந்த நொடியில் உங்கள் முகம் அதன் வாய்க்கு நேரே இருக்கும். எது தெருநாய், எது வளர்ப்பு நாய் என்று அந்த அவசரத்தில் யார் கண்டது? நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மிளகுத் தெளிப்பான் எதிர்க்காற்றில் நம் கண்ணுக்கே திரும்பும், சில நாடுகளில் அதை வைத்திருக்கவே தடை உண்டு. நாய்களுக்கென்று விற்கும் சிட்ரோனெல்லா (நெடியடிக்கும் ஒரு புல் எண்ணெய்) தெளிப்பான், சிறிய காற்று ஹாரன் போன்றவை தேவலை. நம் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பும் கருவிகளை நம்பி ஒரு தெருவுக்குள் நுழைய எனக்குத் தைரியம் வராது. சில நாய்கள் திடுக்கிடும், சில நாய்கள் ஒன்றுமே நடக்காதது போல வந்துகொண்டிருக்கும்.

பாய்ந்தே விட்டால் கையில் உள்ள பையையோ மேல்சட்டையையோ அதன் வாயில் கொடுத்துவிடுங்கள். கையைக் கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். இழுத்தால்தான் சதை கிழியும். முடிந்தவரை அசையாமல், மற்றக் கையால் முகத்தையும் கழுத்தையும் காத்துக்கொண்டு உதவிக்குக் குரல் கொடுங்கள். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடுங்கள், முழங்கைகள் காதை மறைக்கட்டும்.

குழந்தைகளுக்கு இவ்வளவு சொன்னால் எதுவும் நினைவில் நிற்காது. இரண்டே சொல்: நாய் வந்தால் ‘மரம்’, விழுந்துவிட்டால் ‘கல்’. மரம் என்றால் கையை மடக்கி, காலடியைப் பார்த்து, அசையாமல் நிற்பது. கல் என்றால் சுருண்டுகொள்வது. வாயால் சொல்லிக்கொடுத்தால் பயனில்லை. நீங்கள் நாயாகக் குரைத்துக்கொண்டு வாருங்கள், அவர்கள் மரமாக நிற்கட்டும். பத்துத் தடவை விளையாடினால் உடம்பு கற்றுக்கொள்ளும்.

இருசக்கர வண்டியில் வருபவர்களுக்குக் கடியைவிடப் பெரிய ஆபத்து, தடுமாறி விழுவதுதான். வேகத்தைக் கூட்டாதீர்கள், காலால் உதைக்காதீர்கள், வண்டியைச் சட்டென்று திருப்பாதீர்கள். நாய் இருக்கும் திருப்பம் வருவதற்கு முன்பே மெதுவாகிவிடுங்கள். பல நாய்கள் துரத்துவது ஆளை அல்ல, சுழலும் சக்கரத்தை. வண்டி நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அதற்கே தெரியாது. சைக்கிள் என்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம்.

உங்கள் நாயோடு நடக்கும்போது வேறொரு நாய் பாய்ந்தால், கைப்பிடி நிறையத் தின்பண்டத்தை அதன் முகத்துக்கு முன்னால் தரையில் இறைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடவே கூடாது. தண்ணீரை ஊற்றுங்கள், போர்வையைப் போடுங்கள், ஒரு பலகையைச் செருகுங்கள். சண்டையை விலக்கப்போய்க் கடி வாங்கியவர்களில் அநேகரைக் கடித்தது அவரவர் சொந்த நாயாகத்தான் இருக்கும்.

எது மிரட்டல், எது ஆபத்து

சத்தம் அதிகமான நாயைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி என்று குதித்துக்கொண்டே விடாமல் குரைக்கும் நாய், பெரும்பாலும் நீங்கள் போய்விட வேண்டும் என்று ஆசைப்படுகிற நாய். அதற்கும் பயம்தான். கவனமாக இருக்க வேண்டியது சத்தம் போடாததிடம்: உடம்பு விறைத்து, தலை தாழ்ந்து, வாய் மூடி, பார்வை உங்கள் மேலேயே குத்தி நிற்கும் நாய். வால் ஆடினால் நட்பு என்பதையும் மறந்துவிடுங்கள். உடம்பு முழுவதும் நெளிய வால் ஆடினால் நட்பு. நிமிர்ந்து விறைத்த வால் நுனி மட்டும் துடித்தால், அது கொதித்துக்கொண்டிருக்கிறது.

உறுமலை நான் உபகாரமாகவே எடுத்துக்கொள்கிறேன். ‘இதற்கு மேல் வராதே’ என்று அது சொல்லிவிடுகிறது. உறுமியதற்காக அடித்து வளர்த்த நாய் உறுமலை விட்டுவிடும், கடிப்பதை விடாது. முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும் நாய்கள் சில இப்படித்தான் உருவாகின்றன.

தனியாகச் சொல்ல வேண்டியது, வெறிநோய் (ரேபிஸ்) கண்ட நாய். காரணமே இல்லாமல் கல், கட்டை, வண்டி என்று எதையும் கடிப்பது, தள்ளாடி நடப்பது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, குரல் மாறிப்போவது, நேற்றுவரை சாதுவாக இருந்தது திடீரென்று மாறுவது. சில நாய்களுக்கு ஆவேசமே வராது, முடங்கிப்போய் ஓரத்தில் கிடக்கும், பாவம் என்று தூக்கப்போனவர் கடிபடுவார். இப்படி ஒன்றைக் கண்டால் மேலே சொன்ன உபாயம் எதையும் முயல வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ விலங்குக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு

எனக்கு உண்மையில் பயன்பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாய் வந்த ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, இடம், நாயின் அடையாளம் (நிறம், காது, வால், கழுத்துப்பட்டை உண்டா), அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நாய் என்ன செய்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். குரைத்தது, துரத்தியது, பாய்ந்தது, துணியைக் கவ்வியது, தோலில் பல் பட்டது என்பவை வேறு வேறு. குரைத்ததைப் பாய்ந்தது என்று எழுதாதீர்கள். பின்னால் இந்த நோட்டு ஓர் அதிகாரியின் மேஜைக்குப் போகலாம். ஓரிடத்தில் மிகை என்று அவருக்குப் பட்டால் மற்றதையும் அவர் நம்பமாட்டார். பாதுகாப்பான தூரத்திலிருந்து போனில் வீடியோவும் எடுத்து வையுங்கள்.

ஒன்பதாம் நாள் என் நோட்டைப் புரட்டினேன். எல்லாமே காலை 6 மணிக்கும் 6.30-க்கும் இடையில். எல்லாமே ஒரே வீட்டுக்கு எதிரில். நான் தெருநாய் என்று நினைத்திருந்தது அந்த வீட்டு நாய்! கார் எடுக்க கேட்டைத் திறப்பார்கள், நாய் நழுவி வெளியே வரும், காரை விட்டுவிட்டுத் திரும்பும்வரை தெரு அதனுடையது. மற்ற இருபத்துமூன்றரை மணி நேரமும் நான் சுற்றி நடந்தது வீண்.

உங்கள் நோட்டு வேறு எதையாவது காட்டும். ஒரே மூலையில், ஒரு பெண்நாய் மட்டும், சில வாரமாகத்தான் என்றால் பக்கத்தில் குட்டிகள் இருக்கும். குட்டிகள் தாமாகத் தின்று திரியத் தொடங்கும்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், அந்த மூலையை ஒதுங்கிக் கடந்தால் போதும். பல ஆண்நாய்கள் திடீரென்று கூட்டமாகத் திரிந்து தமக்குள் கடித்துக்கொண்டால் ஒரு பெண்நாய் பருவத்தில் இருக்கிறது, அது சில வாரத்தில் அடங்கும். குப்பை கொட்டும் இடத்தில் மட்டும் என்றால் காரணம் குப்பை. இரவில் மட்டும் என்றால், தெரு அடங்கிய பிறகு வரும் ஒவ்வோர் ஆளும் அந்த நாய்களுக்கு அந்நியர். சாதுவான நாய் திடீரென்று சீறினால் எங்காவது அடிபட்டு வலியில் இருக்கலாம்.

சொந்தக்காரர் இருந்தால்

அவர் வாசலில் போய்ச் சண்டை போட எனக்கும் கை துறுதுறுத்தது. நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டால் யாராக இருந்தாலும் தன் நாய்க்குத்தான் பரிந்து பேசுவார். கோபம் ஆறியபின், அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நாயின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ‘அண்ணா, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் கேட் திறந்ததும் உங்கள் நாய் என் பின்னால் ஓடி வந்தது. அவசரத்தில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.’

‘அது ஒன்றும் செய்யாது’ என்பார். உலகில் எந்த நாய்க்காரரிடம் போனாலும் முதலில் வருவது இந்த வாக்கியம்தான், பொய்யும் இல்லை. ‘உங்களை ஒன்றும் செய்யாது அண்ணா, சரி. என்னை அதற்குத் தெரியாதே’ என்று சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேளுங்கள். ‘நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத் தலையாட்டுவார். கேட்டைத் திறக்கும்முன் நாயை உள்ளே கட்டுவது, தானாக மூடும் தாழ்ப்பாள், மதிலில் இருக்கும் இடைவெளியை அடைப்பது, வெளியே கூட்டிவரும்போது கயிறு, ஏற்கெனவே கடித்த நாய் என்றால் வாய்க்கூடு, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று. இவற்றில் எது தேவையோ அதை மட்டும், எந்த நாளுக்குள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ‘நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஓடி ஒளிய வழியில்லாமல் கட்டிக்கிடக்கும் நாய்க்குச் சீறுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் போகிறது, ஒருநாள் அறுத்துக்கொண்டு வரும்போது முன்பைவிட மோசமாக வரும்.

சொன்ன நாள் தாண்டியும் மாற்றம் இல்லையென்றால் அதையே கடிதமாக எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையான கடிதம்தான். அதற்குப் பிறகு புகார்.

சொந்தக்காரர் இல்லாவிட்டால்

முதல் வேலை, அந்த நாய்க்கு யார் சோறு வைக்கிறார் என்று கண்டுபிடிப்பது. யாரோ ஒருவர் கட்டாயம் இருப்பார். தெருவில் பாதிப்பேர் அவர்தான் காரணம் என்று அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த நாயைக் கையால் தொடக்கூடிய ஒரே ஆள் அவர்தான். பிடித்து ஊசி போட வேண்டுமென்றால் அவர் தயவு வேண்டும். சோறு வைக்காதே என்று சொல்வதைவிட, பள்ளிக்குப் போகும் வழியிலிருந்தும் வாசற்படிகளிலிருந்தும் தள்ளி ஓரிடத்தில், ஒரே நேரத்தில், மிச்சம் கிடக்காமல் வையுங்கள் என்று கேட்டால் ஒப்புக்கொள்வார்.

அடுத்தது கருத்தடையும் தடுப்பூசியும். பிடித்து, அறுவை செய்து, ஊசி போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டி, அதே இடத்தில் கொண்டுவந்து விடும் முறை பல நாடுகளில் நடக்கிறது. ‘திரும்ப இங்கேயே விடுவதா?’ என்று எரிச்சல் வருவது இயல்பு. நாயை மட்டும் அகற்றிவிட்டுக் குப்பையையும் சோற்றையும் அப்படியே விட்டால் அடுத்த தெரு நாய் வந்து சேரும், அது ஊசி போடாததாக இருக்கும். ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கருத்தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பருவக் கூட்டமும் குட்டிக்காவலும் போகும். மனிதரைக் கண்டு பயந்து கடிக்கும் நாயின் பயம் போகாது. காரணமில்லாமல், திரும்பத் திரும்பக் கடிக்கும் நாயை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அதைத் தெருவில் விட்டுவைக்கலாமா என்பதைக் கால்நடை மருத்துவரும் அதிகாரிகளும் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நாய்ப்பிரியர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். இருந்தாலும் அந்த ஒரு நாயால் மற்ற பத்து நாய்களுக்கும் கெட்ட பெயர்.

விஷம் வைப்பதைப் பற்றி யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். கொடுமை என்பது ஒருபுறம். பல நாடுகளில் குற்றம். தரையில் கிடக்கும் விஷத்தை எடுக்கப்போவது நாய்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, தவழும் குழந்தையும் எடுக்கும்.

புகார்

சட்டம் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் புகார் எடுபடும் விதம் எங்கும் ஒன்றுதான். பத்துப் பேர் பத்துத் தடவை போனில் கத்துவதைவிட, பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒரே மனு கனமானது. நோட்டின் நகலையும் படங்களையும் இணையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே எழுதுங்கள்: வந்து பார்க்க வேண்டும், தடுப்பூசி சரிபார்க்க வேண்டும், குப்பைத்தொட்டியை மாற்ற வேண்டும் என்று. புகார் எண் வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த தடவை ‘ஏற்கெனவே சொன்னேனே’ என்பதற்கு இருக்கும் மதிப்பு வேறு, எண்ணோடு சொல்வதற்கு இருக்கும் மதிப்பு வேறு. நாய் ஆளைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது இந்த வரிசையெல்லாம் கிடையாது, நேரே அவசர எண்தான்.

கடித்துவிட்டால்

குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், மனக்கணக்கில் அது மூன்று நிமிடத்திலேயே முடிந்துவிடும். பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி. பொடி, எண்ணெய், பச்சிலை எதையும் அப்பாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக ஊர்ந்து மூளைக்குப் போகிறது, பெரும்பாலும் அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். கடித்த பிறகு போட்டாலும் ஊசி பலிப்பது அந்த இடைவெளியில்தான். 1885-இல் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றியதும் அப்படித்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. முகம், கழுத்து, கை விரல்களில் கடித்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணை நாய் நக்கியிருந்தாலோ, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். தொப்புளைச் சுற்றி வரிசையாக ஊசி போட்டதெல்லாம் பழைய காலம். இப்போது கையில்தான், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில், மூன்று முதல் ஐந்து தடவை. குறித்துக்கொடுத்த நாளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நாய் பல் பட்டால் வீட்டில் வந்து சொல்ல வேண்டும், யாரும் திட்டமாட்டார்கள். திட்டுக்குப் பயந்து கடியை மறைத்த குழந்தைகள் உண்டு.

கடித்த நாயை அடித்துக் கொல்லவோ விரட்டிவிடவோ விடாதீர்கள். அதை 10 நாள் கண்காணிக்க வேண்டும். பத்து நாளுக்குப் பிறகும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்காது. அதற்காக ஊசியைத் தொடங்காமல் காத்திருக்கக் கூடாது. ஊசி அன்றே தொடங்கட்டும், நாயை ஒருவர் தினமும் பார்த்துவரட்டும். பத்தாம் நாள் அது எப்படி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவமனைச் சீட்டை ஒரு நகல் எடுத்து அந்த நோட்டுக்குள் வையுங்கள், அடுத்த மனுவோடு இணைக்க வேண்டியிருக்கும்.